சவுக்காரம் பட்டுச் சிவந்த மஞ்சள்: ஒரு சோடி சுவேட் சப்பாத்தின் நிகழ்வு ஆய்வு

மேசைக்கு வந்தபோது சப்பாத்து இன்னும் ஈரமாக இருந்தது. மணல் நிறச் சுவேட் (நார் எழுப்பிய மெத்தென்ற தோல்), லேஸ் கட்டும் வகை, இறப்பர் அடி. அதிகம் போடாத சோடி என்பது குதிப்பக்கத் தேய்மானத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வலது சப்பாத்தின் முன்பக்கத்தில், லேஸ் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பாதி உள்ளங்கை அளவில் செங்கல் நிறக் கறை. அதைச் சுற்றித் தண்ணீர் காய்ந்த கோடு. இடது சப்பாத்தின் பெருவிரல் பக்கத்தில் இன்னொரு கறை: கறுப்பாக, நீளவாக்கில், லேசான பளபளப்போடு.

இரண்டும் எண்ணெயால் வந்தவைதான். ஆனால் ஒன்றுக்குச் செய்த வைத்தியத்தை மற்றதற்குச் செய்திருந்தால் சோடியே வீணாகியிருக்கும். அதனால்தான் இதை முழுதாக எழுதுகிறேன். மட்டக்களப்பில் சப்பாத்துத் திருத்தும் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிமாருக்கும், வெளிநாட்டு உறவுகள் கொண்டு வந்து கொடுத்த சுவேட்டைப் போடப் பயந்து அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறவர்களுக்கும் இது உதவட்டும்.

கறை வந்த விதம்

சோடிக்குச் சொந்தக்காரர் ஆரையம்பதிப் பக்கத்து இளைஞர். ரவுணில் வேலை, தினமும் மோட்டார் சைக்கிளில் காத்தான்குடி தாண்டி, கல்லடிப் பாலம் ஏறி வந்து போகிறவர். சப்பாத்து சுவிஸிலிருந்து மாமா கொண்டு வந்தது. சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய், வரும் வழியில் கோழிக் கொத்து வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். கொத்துக்கு ஊற்றுகிற ஆணம் (குழம்பு) பையிலிருந்து சரிந்து வலது காலில் விழுந்தது. ரிஷ்யூவால் அழுத்தித் தேய்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மீதியை அவரே சொன்னார். "அம்மா நல்லதுக்கெண்டுதான் கழுவினவ அண்ணன். சவுக்காரம் போட்டவுடன மஞ்சள் சிவப்பாயிட்டு. சாயம் போகுது எண்டு பயந்து அப்பச்சோடாவும் போட்டவ. இன்னும் சிவந்திட்டு."

அந்தத் தாய் பயந்ததில் ஆச்சரியமில்லை. வெளிர் நிறத் தோலில் திடீரென்று சிவப்புப் படர்ந்தால் யாரும் சாயம் கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் கழன்றது சாயமல்ல. மஞ்சளில் நிறம் தருகிற குர்க்குமின் காரம் பட்டால் செங்கபிலமாக மாறும். பள்ளிக்கூடத்தில் மஞ்சள் தோய்த்த கடதாசியில் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுப் பார்த்திருப்போமே, அதே சங்கதி. சவுக்காரமும் காரம், அப்பச்சோடாவும் காரம். இரண்டாவதைப் போட்டதும் இன்னும் சிவந்ததற்குக் காரணம் அதுதான். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: சிவந்த இடத்தில் மஞ்சள் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இனி எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

இடது சப்பாத்துக் கறையைப் பற்றிக் கேட்டேன். "அது பழசு அண்ணன். கழுவினாப் போகும் எண்டு விட்டிட்டன்" என்றார். எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. இந்த ஊரில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற யாருடைய இடது சப்பாத்திலும் அதே இடத்தில் அதே கறை இருக்கும். கியர் லீவர் இடது பக்கம். கியர் ஏற்றும்போது சப்பாத்தின் மேற்பக்கம் அதன் கீழ் போய்த் தூக்குகிறது. லீவரில் இருக்கிற கிறீஸ், செயின் ஒயில், தூசி எல்லாம் ஒவ்வொரு கியருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அதே இடத்தில் பதிகின்றன.

தோலைப் பற்றிக் கொஞ்சம்

சப்பாத்துச் சுவேட் பெரும்பாலும் மாட்டுத் தோலின் உள்பக்கம். தோலை மேலும் கீழுமாகப் பிளந்து, இறைச்சியை ஒட்டியிருந்த பகுதியை எடுத்து, அதன் நார்களை உரசி எழுப்பி விடுகிறார்கள். சாதாரண பொலிஷ் தோலின் மேல் இருக்கும் பூச்சு இதில் இல்லை. கை வைத்தால் மெத்தென்று இருப்பது அந்த எழுந்த நார்கள்தான். அழகும் அவற்றில், ஆபத்தும் அவற்றில். எண்ணெய் விழுந்தால் தடுக்க எதுவும் கிடையாது. குத்துவிளக்குத் திரியில் ஏறுவதுபோல நார்களின் இடுக்கு வழியே உள்ளே போய்விடும். மேலே தெரிகிற கறை சிறிது, உள்ளே பரவியது பெரிது.

நம் ஊர் வெப்பம் இதை இன்னும் மோசமாக்குகிறது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகும். மட்டக்களப்பில் பகலில் அது கட்டியாக நிற்கிற நாளைக் காண்பது அரிது. குளிர் நாடுகளில் சப்பாத்தில் விழுந்த கொழுப்பு மேலேயே உறைந்து நிற்கும், கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிடலாம். இங்கே அந்த வசதி மாட்டுக் கொழுப்பு போன்ற கெட்டிக் கொழுப்புக்கு மட்டும்தான், அது 40 பாகைக்கு மேல்தான் உருகும். மாட்டிறைச்சி ஆணம் சிந்தினால் ஆற விட்டு, வெள்ளையாக உறைந்ததை அட்டைத் துண்டால் வழித்து எடுத்தாலே பெரும்பகுதி போய்விடும். தேங்காயெண்ணெயில் வதக்கிய கோழிக்கு அது நடக்காது. முதல் அரை மணி நேரத்துக்குள் பவுடர் கொட்டியிருந்தால் இந்தச் சோடி என்னிடம் வந்தே இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோலுக்குள் தொழிற்சாலையே விட்ட எண்ணெய் ஒன்று இருக்கிறது. பதப்படுத்தியபின் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்காமல் இருக்க அதைச் சேர்க்கிறார்கள். கறை எண்ணெயை எடுக்கப் போய் அதையும் சேர்த்து உருவிவிட்டால் அந்த இடம் அட்டை மாதிரிக் கிடக்கும். ஆகவே எண்ணெயை முழுக்க ஒழிப்பது நம் வேலை அல்ல. கூடுதலாக வந்ததை மட்டும் வெளியே அழைக்க வேண்டும்.

கடதாசிச் சோதனை

ஈரமான சுவேட்டில் எது தண்ணீர், எது எண்ணெய் என்று கண்ணால் சொல்ல முடியாது. இரண்டும் கறுத்துத்தான் தெரியும். எனவே முதலில் உலர வைத்தேன். உள்ளே வெள்ளைக் கடதாசியைக் கசக்கித் திணித்து, நனைந்ததும் மாற்றி, ஃபேன் காற்றில் நிழலில் வைத்தேன். அச்சடித்த பேப்பரைத் திணிக்கக் கூடாது, வெளிர் நிறத்தில் மை ஏறிவிடும். வாடைக்காற்றுக் காலம் அது; காற்றே ஈரமாக இருக்கும்போது தோல் லேசில் காயாது. வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு பகலில் காய்வது வாடையில் இழுத்தடிக்கும். அதற்காக அவசரப்பட்டு வெயிலில் போட்டாலோ ஹெயார் டிரையரைக் கிட்டப் பிடித்தாலோ ஈரத்தோல் சுருங்கி விறைத்துவிடும். அந்தத் தாய் கழுவியபிறகு வெயிலில் வைக்கவில்லை. அந்த ஒன்றே இந்தச் சப்பாத்தின் வடிவத்தைக் காப்பாற்றியது.

காய்ந்த பிறகு மெல்லிய வெள்ளைக் கடதாசியைக் கறை மேல் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பிடித்தேன். எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பார்த்தால் நடுவில் ஒளி ஊடுருவுகிற ஒரு பொட்டு. அதை மேசையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். ஈரமென்றால் பொட்டு காய்ந்து மறைந்துவிடும். இது மறையவில்லை. சவுக்காரம் மேலே இருந்ததைத்தான் எடுத்திருக்கிறது, உள்ளே எண்ணெய் அப்படியே இருக்கிறது.

இதைச் செய்யாமல் எந்தக் கறையிலும் கை வைக்க வேண்டாம் என்று வேலை பழகுகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வேன். எண்ணெய் உள்ளே இருக்கும்போது தண்ணீர் விட்டால், தண்ணீர் சுற்றியிருக்கிற அழுக்கைத் தள்ளிக்கொண்டு போய் விளிம்பில் கோடு போடும். எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு கறை இரண்டாகும்.

வலது சப்பாத்து

பவுடரில் இருந்து தொடங்கினேன். பலர் சோள மாவைச் சொல்வார்கள். வறண்ட ஊருக்கு அது சரி. வாடைக் காலத்து மட்டக்களப்பில் மாச்சத்து காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகி நார்களுக்குள் பிடித்துவிடும். போதாததற்கு இரவில் கரப்பானும் எறும்பும் வரும், பூஞ்சணமும் பிடிக்கும். டால்கம் பவுடர் அப்படியல்ல. அது தண்ணீரை விரும்பாத, எண்ணெயை விரும்புகிற பொடி. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்க வேண்டும், ஏனென்றால் பேபி பவுடர் என்று இப்போது விற்கிறவற்றில் பலவும் சோள மாதான். டால்கம் கிடைக்காவிட்டால் வகுப்பறை வெண்கட்டியை நன்றாகப் பொடித்துச் சலித்துப் போடலாம். முல்தானி மட்டி எண்ணெயை நன்றாக உறிஞ்சும், ஆனால் அதன் சொந்த நிறம் வெளிர் தோலில் தங்கிவிடும் என்பதால் நான் எடுக்கவில்லை.

முதலில் பல் தீட்டும் பிரஷ்ஷை உலர்ந்தபடியே எடுத்து, சவுக்காரத்தில் ஒட்டிப்போயிருந்த நார்களை மெல்லப் பிரித்தேன். அப்புறம் பவுடரைக் கறைக்கு வெளியே ஒரு விரல் அகலம் வரை தடிப்பாகக் கொட்டி, விரல் நுனியால் தட்டினேன். தேய்க்கவில்லை. மேலே கடதாசி ஒன்றை வைத்து இரவு முழுக்க விட்டேன். காலையில் பார்த்தால் மேல் பவுடர் பொடியாகவும், தோலைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பவுடர் வெளிர் மஞ்சளாகச் சின்னச் சின்னக் கட்டிகளாகவும் இருந்தது. விரலில் எடுத்து நசுக்கினால் வழுவழுப்பு. எண்ணெய் ஏறி வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தட்டிக் கொட்டிவிட்டுப் புதுப் பவுடர். கட்டியாகாமல், கொட்டியது கொட்டியபடியே உலர்ந்த பொடியாக வரும்வரை இதைத் திருப்பித் திருப்பிச் செய்ய வேண்டும்.

இடையில் ஒரு தடவை மெல்லிய சூடு கொடுத்தேன். எண்ணெய் சூட்டில் இளகிச் சீக்கிரம் மேலே வரும். அயன் பெட்டியை ஆகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், பவுடருக்கு மேல் இரண்டு மடிப்புக் கடதாசி வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் வைத்து வைத்து எடுத்தேன். கடதாசிக்கு மேலே கை வைத்தால் கை பொறுக்க வேண்டும். அதற்கு மேல் சூடு தோலுக்கு வேண்டாம். சப்பாத்துக்குள் துணியை இறுக்கித் திணித்திருந்ததால்தான் அழுத்த முடிந்தது. தோல் முற்றாகக் காயாமல் இதைச் செய்தால் அந்த இடம் சுருங்கி நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

மீண்டும் கடதாசிச் சோதனை. பொட்டு இல்லை. எண்ணெய் போயிற்று, சிவப்பு நிற்கிறது.

அடுத்தது வினாகிரி. நிறமில்லாத வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி. முதலில் சப்பாத்தின் நாக்குக்கு உள்பக்கம் தொட்டுப் பார்த்தேன், சாயம் துணியில் வரவில்லை. வெள்ளைத் துணியை நனைத்து, சொட்டாதபடி இறுக்கிப் பிழிந்து, கறையை மட்டும் துடைக்காமல் ஒரு தையலிலிருந்து மறு தையல் வரை முன்துண்டு முழுவதையும் ஒரே சீராகத் துடைத்தேன். இப்படிச் செய்வதற்கு இரண்டு காரணம். தண்ணீர்க் கோடு நனைந்த இடமும் நனையாத இடமும் சந்திக்கிற எல்லையில்தான் விழும். எல்லை தையலுக்குப் போய்விட்டால் கோடு கண்ணில் படாது. மற்றது, பதப்படுத்திய தோல் இயல்பிலேயே கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது. சவுக்காரமும் சோடாவும் அதைக் காரப்பக்கம் தள்ளியிருந்தன. வினாகிரி அதைத் திரும்பக் கொண்டுவரும்.

துணி பட்டதும் செங்கல் நிறம் என் கண் முன்னே மஞ்சளானது. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்றிருந்தார். "கறை திரும்பி வந்திட்டே அண்ணன்" என்றார் கவலையோடு. "வரட்டும் தம்பி, மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும்" என்றேன்.

குர்க்குமின் எண்ணெயில் கரைகிற நிறம், தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. அதனால் கழுவிக் கழுவிப் போகாது. ஆனால் வெளிச்சத்துக்கு முன்னால் அது நிற்காது. மஞ்சள் பட்ட வெள்ளைச் சேட்டைக் கொடியில் போட்டு எடுத்த எந்த அம்மாவுக்கும் இது தெரியும். சுவேட்டில் உள்ள சிக்கல், வெயில் மஞ்சளை மட்டும் தேடிப் போய் வெளுக்காது, சப்பாத்தின் சாயத்தையும் சேர்த்து வெளுக்கும் என்பது. ஆகவே தடித்த அட்டையை எடுத்து, கறையின் வடிவத்தை வரைந்து, அந்த அளவுக்கு மட்டும் ஓட்டை வெட்டி, சப்பாத்தின் மேல் கட்டினேன். ஓட்டையின் விளிம்பைக் கொஞ்சம் ஒழுங்கற்று வெட்டுவது நல்லது, நேர்க்கோடாக இருந்தால் வெளுத்த எல்லை தெரியும். காலை வெயிலில் சிறிது நேரம், எடுத்துப் பார்ப்பது, மீண்டும் வைப்பது. மழைக்கால வெயிலை நம்பி இருக்க வேண்டியிருந்ததால் இது இழுபட்டது. பொறுமைதான் இங்கே மருந்து. மஞ்சள் மெல்ல மெல்ல மங்கி, கடைசியில் சாய்த்துப் பிடித்துத் தேடினால் மட்டும் தெரிகிற அளவில் நின்றது. அதோடு நிறுத்தினேன். இன்னும் வைத்தால் மணல் நிறம் போக ஆரம்பித்திருக்கும்.

இடது சப்பாத்து

கியர்க் கறை வேறு சாதி. கிறீஸ் என்பது வெறும் எண்ணெய் அல்ல. கனிய எண்ணெயைக் கெட்டியாக்குவதற்குச் சவுக்காரப் பொருள் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள், பெரும்பாலும் லிதியம் சேர்ந்தது. அதில் இரும்புத் தேய்மானப் பொடியும் வீதித் தூசியும் கலந்திருக்கும். பவுடர் எண்ணெயை இழுக்கும். கறுப்புப் பொடியை இழுக்காது. எண்ணெயோடு சேர்த்துப் பிரஷ் போட்டால் அந்தப் பொடி நார்களின் அடிக்கே போய்விடும். ஆகையால் இங்கே பிரஷ் முதலில் வரக் கூடாது.

பளபளப்பு இன்னொரு தகவல் சொன்னது: நார்கள் அழுந்திப் படிந்திருக்கின்றன. கறையில் ஒரு பங்கு அழுக்கு, ஒரு பங்கு அழுத்தம். இதைப் பிரித்துப் பார்க்காமல் அழுக்கென்றே நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தால் தோல்தான் தேயும்.

கடதாசி வைத்து அழுத்தி எடுப்பது, பவுடர் போடுவது, மீண்டும் அழுத்தி எடுப்பது. இதில் எண்ணெய்ப் பங்கு ஓரளவு குறைந்தது. அப்புறம்தான் ஐசோபுரொப்பைல் அற்ககோல். மொபைல் திருத்துகிற கடைகளில் சர்க்கிட் போர்டு துடைக்க இதை வைத்திருப்பார்கள். பாமசியில் வாங்குகிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை இதற்குப் பதிலாக எடுக்கலாம்தான், ஆனால் சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். எண்ணெயை எடுக்கப் போய் எண்ணெயை ஊற்றியதாகிவிடும், லேபிளைப் பாருங்கள். யன்னலைத் திறந்து, அடுப்பு, சிகரெட் எதுவும் கிட்ட இல்லாமல்தான் இதைத் தொட வேண்டும், சட்டென்று பற்றும்.

வெள்ளைத் துணியின் ஒரு மூலையை நனைத்து, கறையின் வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றினேன். ஒவ்வோர் ஒற்றுக்கும் துணியின் புது இடம். துணியில் சாம்பல் நிறம் வந்துகொண்டே இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. துணியில் மணல் நிறம் தலைகாட்டிய கணத்தில் கையை எடுத்துவிட்டேன், அது சப்பாத்தின் சாயம். காய்ந்ததும் அழிறப்பரால் ஒரே திசையில் மெல்ல உரச, படிந்த நார்கள் எழும்பத் தொடங்கின. வெள்ளை அழிறப்பராக இருக்க வேண்டும், நிற அழிறப்பர் தன் நிறத்தை விட்டுவிட்டுப் போகும். கடைசியாகக் கேத்தல் வாய் ஆவியை எட்டத்தில் ஒரு கணம் காட்டி, உடனே பிரஷ்ஷால் நாரைத் தூக்கிவிட்டேன். எண்ணெய் எடுபட்ட பிறகே ஆவி.

பளபளப்பு முழுதாகப் போனது. கறுப்பில் ஒரு சாம்பல் நிழல் மிஞ்சியது. அது நாரின் வேரில் சிக்கிய இரும்புப் பொடி. அதை எடுக்கிற எந்த வழியும் தோலைத் தின்னாமல் எடுக்காது.

செய்ய மறுத்தவை

பெற்றோல் ஒரு சொட்டு விட்டால் கறுப்புப் போய்விடும் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். கிறீஸ் கரையும், உண்மை. கூடவே சாயமும் கரையும், அடியை ஒட்டியிருக்கிற பசையும் இளகும். பெருவிரல் பக்கம் அடிக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரு மழையில் அடி வாய் பிளந்துவிடும். தின்னரும் அப்படித்தான். மண்ணெண்ணெய் அதைவிடப் பிழை, அதுவே ஓர் எண்ணெய், மெதுவாகத்தான் காயும், மணம் தங்கும். தேசிக்காய்ச் சாற்றை ஒருவர் சொன்னார். புளிப்புச் சரி, ஆனால் சாற்றில் சீனியும் சக்கையும் உண்டு, தோலில் தங்கி எறும்பையும் பூஞ்சணத்தையும் கூப்பிடும். வினாகிரி செய்கிற வேலைக்கு அது தேவையில்லை.

சாயம் பூசி நிழலை மறைப்பதைப் பற்றி வாடிக்கையாளரோடு நீண்ட நேரம் பேசினேன். மணல் நிறத்தில் ஒரு துண்டுக்கு மட்டும் சாயம் பூசினால் அது மற்றத் துண்டுகளோடு சேராது, சோடி முழுவதையும் கடும் கபிலமாக மாற்ற வேண்டிவரும். மாமா தந்த நிறம் அப்படியே இருக்கட்டும் என்றார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கொடுத்த பிறகு

சப்பாத்தை வாங்கும்போது அவர் வலதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறை எங்கே இருந்தது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. இடதில் நிழலைக் கண்டுபிடித்தார், ஆனால் நின்று பார்க்கிற தூரத்தில் அது தெரியாது.

வாடை ஓய்ந்தபின் சோடியை மறுபடி கொண்டு வரச் சொல்லியிருந்தேன், கொண்டு வந்தார். வலதில் எண்ணெய் திரும்பி மேலே வரவில்லை. அரைகுறையாக எடுத்த கறை சில வாரத்தில் மீண்டும் தலைகாட்டும் என்பதால் இதைப் பார்ப்பது அவசியம். துடைத்த துண்டு மற்றவற்றைவிடக் கொஞ்சமே விறைப்பாக இருந்தது, உலர்ந்த பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்கும் வாரியதில் இளகிவிட்டது. தையல் ஓரத்தில் வெள்ளைப் பொட்டுகள் இரண்டு தெரிந்தன. பவுடர் மிச்சம் என்று அவர் நினைத்தார். முகர்ந்து பார்த்தேன், பூஞ்சணம். பிளாஸ்டிக் பையில் கட்டி அலுமாரியில் வைத்திருக்கிறார். வெளியே துலக்கி, அற்ககோல் துணியால் ஒற்றிக் காயவைத்துக் கொடுத்தேன். துணிப் பையில் வைக்கவும், மழை மாதங்களில் இடைக்கிடை எடுத்துக் காற்றில் வைக்கவும் சொன்னேன்.

இடதில் புதுக் கறுப்பு இல்லை. இப்போது செருப்போடுதான் மோட்டார் சைக்கிள் ஓடுகிறாராம். சப்பாத்து பையில் வரும், கந்தோர் வாசலில் மாற்றிக்கொள்வார். ஈரத் தார்வீதியில் செருப்போடு கியர் போடுவது காலுக்கு நல்லதில்லை என்று அவரிடம் சொன்னேன். கியர் லீவரில் மாட்டுகிற இறப்பர் உறையை வாங்கிப் போட்டு, சப்பாத்தின் பெருவிரல் பக்கத்துக்கு மேலால் கட்டிக்கொள்ளத் தோல் துண்டொன்றை வெட்டி, இரண்டு பக்கமும் வார் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அது கறுத்தால் கழற்றி வேறு ஒன்று தைத்துக்கொள்ளலாம்.